வருவது தெரியாத வண்டி

ஜூன் 2, திங்கள்

வண்டி வந்துவிட்டது. கூடவே நானும் வந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் முப்பது நாள்தான் கெடு.

மாவட்டத்துக்கே ஒரே ஒரு மின்சாரக் கார் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் ரோந்துக்கு அது ஒத்துவருமா என்று பார்க்க இந்தப் பனையடிப்புதூர் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுவதற்கு ஆயுதப்படை மோட்டார் பிரிவில் யார் தயார் என்று கேட்டபோது, கேட்டு முடிக்கும் முன்பே கையைத் தூக்கியவள் நான். வண்டி தேறினால் இங்கேயே இருக்கும், ஓட்டுநரும் இங்கேயே. தேறாவிட்டால் ஜூலை 2 காலையில் இரண்டையும் தலைமையிடத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. அங்கே குவார்ட்டர்ஸில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். கொசுவும் அதிகம்.

டி.எஸ்.பி. ஆபீஸிலிருந்து ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஏழு கட்டங்கள். கிலோமீட்டர், மீதி சார்ஜ், வெப்பநிலை என்று போய், ஆறாவது 'பணிக்கு உள்ள குறைபாடுகள்', ஏழாவது 'நன்மைகள்'. ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டி அகலம். அதில் அடங்காததை எழுதிவைக்க என் மகள் மதிவதனியின் போன வருஷத்து நோட்டை எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் ஒன்றாம் வகுப்புக் கணக்கு, பின்பக்கத்திலிருந்து நான்.

ஏட்டு வைகுண்டம் ஐயா வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து பானெட்டில் காதை வைத்தார்.

"என்னம்மா இது, எங்க வீட்டு மிக்சி போடுற சத்தங்கூடப் போட மாட்டேங்கு. உசுரு இருக்கா இதுக்கு?"

"ஓட்டிப் பாருங்க ஏட்டய்யா."

"நானா? ஓடுதா நிக்குதான்னே தெரியாத சவத்த எவன் ஓட்டுவான்? நீயே ஓட்டு. நான் பக்கத்துல இருந்து பயப்படுதேன்."

பதினெட்டு வருஷமாக இங்கே ஓடிய டீசல் ஜீப் சுவரைப் பார்த்து நிற்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

61 கிலோமீட்டர். மீதி 68 சதவீதம். நாய்கள் நகரவில்லை.

ஜூன் 4, புதன்

நேற்று எழுதியது எனக்கே புரியாமல் போய்விடும் என்பதால் விளக்கிவிடுகிறேன். இந்த ஊர் நாய்கள் சாயங்காலம் தார் ரோட்டில்தான் படுக்கின்றன. ஜீப் என்றால் கால் கிலோமீட்டர் தூரத்திலேயே எழுந்து ஓரமாகப் போய்விடுமாம். என் வண்டி மூக்குக்கு நேரே வந்து நின்றாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கின்றன. மாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் நான் நான்கு தடவை இறங்கி நாய் விரட்டினேன். ஆறாம் கட்டத்தில் 'நாய்' என்று எழுதினால் டி.எஸ்.பி. என்ன நினைப்பார்?

இன்னொரு விஷயம் கண்டுபிடித்தேன். நின்றபடி இருக்கும்போது இது சார்ஜைத் தின்பதே இல்லை. ஏசி மட்டும்தான் தின்கிறது. ரோந்து என்பது பாதி நேரம் நிற்பதுதானே. அப்படியானால் நமக்கென்றே செய்த வண்டி மாதிரி அல்லவா இருக்கிறது! சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

காற்றாலைக்குக் கீழே மோட்டார் ரூமுக்குப் பின்னால் சீட்டாட்டம் நடக்கிறது என்பது ஸ்டேஷனுக்குப் பல வருஷமாகத் தெரியும். ஒருநாளும் பிடித்ததில்லை. ஜீப் பிள்ளையார் கோயில் திரும்பும்போதே காலி செய்துவிடுவார்களாம். இன்று ஐந்தரை மணிக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பத்தடி பின்னால் நிறுத்தினேன். நான்கு பேர். ஒருவரும் திரும்பவில்லை. ஏட்டய்யா நடந்துபோய் ஒருவர் தோளைத் தட்டினார். அந்த ஆள் திரும்பாமலே சொன்னார்:

"பொறும்வே, இந்தக் கை முடியட்டும்."

"முடியட்டும், முடியட்டும்" என்றார் ஏட்டய்யா. முடியும்வரை நின்றும் பார்த்தார். பிறகுதான் அவர்கள் காக்கியைப் பார்த்தார்கள்.

எஸ்.ஐ. ஞானசிகாமணி ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏம்மா முப்பிடாதி, இத ஏழாங் கட்டத்துல பெருசா எழுது" என்றார். கட்டம் சிறிது ஐயா என்றேன். "பொடிசா நெறைய எழுது."

ஜூன் 8, ஞாயிறு

விடுமுறை. இரண்டு சோடி யூனிஃபார்மைத் துவைத்துக் கஞ்சி போட்டேன். மதிவதனியின் புது ஸ்கூல் நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். கேஸ் சிலிண்டர் பதிந்தேன்.

பாப்பாவின் அப்பா நான்கு தடவை கூப்பிட்டார். கை ஈரமாக இருந்ததால் எடுக்கவில்லை.

மதிவதனிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாசலில் பைக் சத்தம் கேட்டால் உடனே டி.வி.யை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள். இங்கேயும் அதையே செய்கிறாள். வந்தது பால்காரர்தான்.

ஜூன் 10, செவ்வாய்

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வைகாசிக் காற்றில் எங்கோ கம்பி அறுந்ததாம். நான்கு மணிக்குத்தான் வந்தது. 38 சதவீதத்தோடு கிளம்பினேன், 9 சதவீதத்தோடு திரும்பினேன். திரும்பும் வழியில் ஏசியை அணைத்து, ஏட்டய்யாவை வேர்க்கவிட்டுக் கொண்டுவந்தேன். இது உண்மையான குறை. கூச்சப்படாமல் ஆறாம் கட்டத்தில் எழுதினேன்.

ஜூன் 13, வெள்ளி

என்ன கொடுமை இது.

டி.எஸ்.பி.க்கு எங்கள் மேல் மனு போயிருக்கிறது. 'தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்குப் பத்து நாட்களாக ரோந்து வாகனம் வருவதில்லை. பெண்கள் அச்சத்தில் உள்ளோம்.' கீழே பதினான்கு கையெழுத்து, பதினொன்று பெண்கள். தினம் தவறாமல் அந்தத் தெருவுக்குப் போகிறோம்! பழைய நேரப்படியே ஏழேகாலுக்குள் போய்விடுவோம். அங்கே தவசிக்கனி அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் பட்டா புத்தகம் தொங்குகிறது. ரோந்து வந்ததற்கு அடையாளமாக நேரம் போட்டுக் கையெழுத்துப் போடும் நோட்டு. ஒருநாள் விடாமல் ஏட்டய்யாவின் கையெழுத்து இருக்கிறது. வண்டியின் ஜி.பி.எஸ். கணக்கும் அதையே சொல்கிறது.

"போனதுக்கு நோட்டுல கையெழுத்து இருக்கு, வானத்துல சாட்டிலைட்டு இருக்கு. பொறவு எப்படிய்யா வரலன்னு எழுதுவாங்க?" என்று எஸ்.ஐ. மேசையைத் தட்டினார். டி.எஸ்.பி. கேட்டாராம்: அந்த வண்டியால் ஒழுங்காக ரோந்து போக முடியவில்லையென்றால் இப்போதே திருப்பி அனுப்பிவிடவா என்று.

ஜூலை 2 வரைக்கும்கூட இல்லையா?

ஜூன் 14, சனி

பணிக்கு முன்னால் சாதாரண உடையில் அந்தத் தெருவுக்குப் போனேன். கோபம் பாதி, தெரிந்துகொள்ளும் ஆசை பாதி. பொய் சொல்ல அவர்களுக்கு என்ன வந்தது?

தவசிக்கனி அண்ணாச்சி பருப்பு அளந்துகொண்டே பேசினார். "நீங்க வாரியம்மா. நான் இல்லங்கல. ஆனா வந்த மாதிரி இல்ல."

"அப்படின்னா?"

"ஜீப்புன்னா தெருவுக்கே தெரியும். அன்னா வந்துட்டாங்க, இன்னா நிக்காங்கன்னு. இப்ப நான் மட்டுந்தான் பாக்கேன். மத்தவ்வோளுக்கு நீங்க வரலதான?"

அவர்கள் பொய் சொல்லவில்லை. காதால் ரோந்து பார்த்தவர்கள் அவர்கள். நான் இரண்டு வாரமாக ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வந்து, யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறேன்.

மனுவின் முதல் கையெழுத்து கா. ஆவுடைத்தங்கம். மனுவும் அதே கையெழுத்தில்தான் இருந்தது. கடையை ஒட்டிய முடுக்கில் மூன்றாவது வீடு. முடுக்குக்குள் வண்டி நுழையாது. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் பெண், என் வயதுதான் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"உங்க மேல குத்தம் சொல்லல எக்கா. பழைய வண்டின்னா வாரது தெரியும்."

"தெரிஞ்சா?"

"சும்மா. ஒரு தெம்பு."

கீழ் உதடு வீங்கிக் கிழிந்திருந்தது. என்ன என்றேன். கூரைத் தகரம் கிழித்துவிட்டது என்றாள். சரி என்று வந்துவிட்டேன்.

தகரம் அந்த இடத்தில் கிழிக்காது.

ஜூன் 17, செவ்வாய்

ஏட்டய்யாவிடம் ஜீப்பைப் பற்றிக் கேட்டேன். அந்தக் கடையில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?

"அரை மணி நேரம் ஆவும். டீ குடிப்போம், பட்டா புக்குல கையெழுத்து, அண்ணாச்சி கூடக் கொஞ்சம் ஊர்க்கதை."

"எஞ்சின ஆஃப் பண்ணிருவீங்களா?"

"ஆஃப் பண்ணா யாரு தள்ளுறது? செல்ஃப் போயி நாலு வருஷம் ஆச்சும்மா. மோட்டார் பிரிவுக்கு எழுதிப் போட்டோம், இன்னும் பதில் வரல. சாயங்காலம் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணா, திரும்பி ஸ்டேஷன் வார வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

எழுதிப் போட்ட கடிதம் எங்கள் மோட்டார் பிரிவுக்குத்தான் வந்திருக்கும். எந்த அலமாரியில் இருக்கும் என்றுகூட என்னால் சொல்ல முடியும். அதை விடுவோம். நான்கு வருஷமாகத் தினமும் ஏழேகாலுக்கு அந்த முடுக்கின் வாயில் ஒரு டீசல் எஞ்சின் அரை மணி நேரம் இரைந்திருக்கிறது. 'இத்தெருவில் அமைதி நிலவுகிறது' என்று பட்டா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு இன்ஸ்பெக்டரும் எழுதியிருக்கிறார்கள். புத்தகம் தொங்குவதால்தான் அமைதி என்று ஸ்டேஷனே நம்பிக்கொண்டிருக்கிறது.

ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

ஓட்டாமல் விட்டால் ஜீப்பின் பேட்டரி செத்துவிடும் என்று எஸ்.ஐ.யிடம் சொல்லி ஒரே ஒரு நாள் அனுமதி வாங்கினேன். பொய்யில்லை, பேட்டரி செத்துத்தான் போகும். நான்கு பேர் தள்ளினார்கள். கிளம்பியதும் ஸ்டேஷன் ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. நாய்கள் எழுந்து வழிவிட்டன. ஏட்டய்யா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தெருவுக்குள் நுழைந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கு வருகிறார்கள், பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள். பதினாறு நாளில் இந்தத் தெருவை நான் இப்படிப் பார்த்ததே இல்லை.

எஞ்சினை ஓடவிட்டுக் கடையோரம் நின்று முடுக்கைப் பார்த்தேன். மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். காசிராசன், ஆவுடைத்தங்கத்தின் புருஷன். பீடி பற்ற வைத்தார். சட்டைக் கையை மடித்து மடித்து இறக்கினார். ஜீப் இருக்கும் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் கொட்டாவி விட்டார். அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டார்.

ஆவுடைத்தங்கம் குடத்தோடு வந்தாள். தண்ணீர் பிடிக்கவில்லை. ஜீப்பின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதையே கொண்டாங்களேன் எக்கா."

"ஏன்?"

அவள் முடுக்கைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "குடிச்சிட்டு ஏழு மணிக்கு வருவாரு. இந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் கையத் தூக்க மாட்டாரு. அதுக்குள்ள தூக்கம் வந்துரும். நாலு வருசமா அப்படித்தான் போச்சு."

பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டது இதற்குத்தான். அவள் வீட்டுக் கதவைத் தட்ட ஒருவருக்கும் தைரியமில்லை. ரோந்து வரவில்லை என்று மனு எழுதத்தான் தைரியம் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

ஏட்டய்யாவிடம் சொன்னேன். "ஒரு கம்ப்ளைண்ட் குடுக்கச் சொல்லு, இப்பமே தூக்கிருவோம்" என்றார். இரண்டு பேரும் போனோம். ஆவுடைத்தங்கம் எங்களைப் பார்த்ததும், ஒன்றுமில்லை, தெரியாமல் பேசிவிட்டேன், தகரம்தான் கிழித்தது என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எழுதிக் குடுத்தா என்னம்மா? ஏன் குடுக்க மாட்டேங்கா?"

"குடுக்க மாட்டா ஏட்டய்யா. எனக்குத் தெரியும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.

சைரன் போட்டால் என்ன என்று யோசித்தேன். ஒரு நிமிஷம் போடலாம். ஓய்ந்த பிறகு? ஜீப்பையே கொண்டுபோகலாம் என்றால் அதற்கு எஸ்.ஐ. ஒத்துக்கொள்ளவில்லை. சோதனை நடக்கும்போது பழைய வண்டி ரோட்டில் ஓடினால் சோதனையே செல்லாதாம்.

ஜூன் 22, ஞாயிறு

பாப்பாவின் அப்பா கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தேன். ஒன்றாம் தேதி சாயங்காலமே வந்து அழைத்துப்போகிறாராம். சாமான்களைக் கட்டி வைக்கச் சொன்னார். குரல் அமைதியாகத்தான் இருந்தது. அமைதியாக இருக்கும்போதுதான்…

அரிசி ஊறப் போட வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

மதிவதனி படுக்கையை நனைத்துவிட்டாள். ஏழு வயதில். அப்பா வருகிறார் என்று சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் அதிகம் குடித்திருப்பாள்.

ஜூன் 24, செவ்வாய்

படிவத்தை முடிக்க ஒரு வாரம்தான். ஆறாம் கட்டத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளதை எழுதினால்: இந்த வண்டி வந்த நாளிலிருந்து ஒரு பெண் தினமும் அடி வாங்குகிறாள், காரணம் இதற்குச் சத்தமில்லை. அதைப் படித்த டி.எஸ்.பி. வண்டியைத் திருப்பி அனுப்புவார். கூடவே என்னையும். எழுதாவிட்டால் வண்டி தேறும், நானும் மதிவதனியும் இங்கே இருப்போம், ஆவுடைத்தங்கம் அங்கே இருப்பாள்.

'மின்தடை தவிரக் குறை ஏதுமில்லை' என்று பென்சிலால் எழுதினேன். பென்சில்தானே.

ஜூன் 26, வியாழன்

ஏசி இல்லாமல் எத்தனை சதவீதம் மிச்சமாகும் என்று பார்ப்பதற்காகத்தான் இன்று நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். அப்படித்தான் ஏட்டய்யாவிடம் சொன்னேன். உன்னிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் நோட்டே, அதற்காக இல்லை.

ஏழு பத்துக்குக் கடையோரம் நிறுத்தினேன். ஏட்டய்யா பட்டா புத்தகத்தில் நேரம் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு அவள் குரல், கத்தல் இல்லை, வாயை மூடிக்கொண்டு முனகுவது. பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம் கூடியது. அதற்கடுத்த வீட்டிலும் கூடியது. எதிர்வீட்டிலும்.

சத்தம் அப்படிக் கூடுவதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். குவார்ட்டர்ஸில் மாடியிலே முதலில் கூட்டுவார்கள், பிறகு இடதுபக்கம், கடைசியாகக் கீழ்வீடு. எல்லாம் போலீஸ் குடும்பம்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நான்கு வருஷம் ஜீப் இங்கே நின்றது. அதில் இருந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் கேட்டதில்லை. தங்கள் எஞ்சின் சத்தம்தான் அவர்களுக்குக் கேட்டது. நானும் மூன்று வாரம் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை இறக்கிய இந்த வண்டியில் உட்கார்ந்தால் முப்பதடி தள்ளி ஒரு பெண் மூச்சை அடக்குவதுகூடக் கேட்கிறது.

ஓடினேன். ஏட்டய்யாவும் பேனாவைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார். கதவு தாழ் போடவில்லை. காசிராசன் ஒரு கையில் அவள் முடியைப் பிடித்திருந்தார், இன்னொரு கை மேலே. காக்கியைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றது.

"வண்டி வந்த சத்தமே கேக்கலையே?" என்றார். எங்களிடம் நியாயம் கேட்கிற மாதிரி கேட்டார்!

"எங்களுக்குக் கேட்டுச்சுல்லா" என்று ஏட்டய்யா சட்டைக் காலரைப் பிடித்தார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. எவ்வளவு கேட்டும் ஆவுடைத்தங்கம் வாய் திறக்கவில்லை. அவளைப் பின்பக்கம், சார்ஜ் போடும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"உனக்குத் தகரம். எனக்கு பாத்ரூம் கதவு. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு மூணு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"போலீசுக்குமா எக்கா?"

"போலீசுக்குந்தான். அடிக்கிறவரும் போலீசு."

அவள் என்னைத் தலையிலிருந்து பூட்ஸ்வரை பார்த்தாள். "நீங்க எழுதிக் குடுத்தியளா?"

"இல்ல."

"பொறவு என்னைய மட்டும் எழுதச் சொல்லுதிய?"

வெட்கமாக இருந்தது. அவளே எழுந்தாள். "பேப்பர் குடுங்க. நான் எழுதுதேன். நீங்களும் எழுதணும் பாத்துக்கிடுங்க."

திரும்பினால் ஏட்டய்யா சார்ஜர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வயரை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 27, வெள்ளி

காசிராசனைக் கோர்ட்டில் நிறுத்தி ரிமாண்ட் செய்தார்கள். ஆவுடைத்தங்கத்தின் மனு ஒன்றரைப் பக்கம். ரோந்து வரவில்லை என்று எழுதிய அதே குண்டு குண்டான கையெழுத்து.

ஜூன் 29, ஞாயிறு

ஏட்டு வைகுண்டம் ஐயா விடுமுறை நாளில் ஸ்டேஷனுக்கு வந்து, வண்டியை ஓட்டக் கற்றுக்கொடு என்றார். மைதானத்தில் ஆறு சுற்று. நிற்பதாக நினைத்து ஓட்டினார், ஓடுவதாக நினைத்து நின்றார். இப்போது எதற்குத் திடீரென்று என்றேன். "சும்மா, தெரிஞ்சு வைப்போம்" என்றார். என் வீடு எந்தத் தெரு, யாராவது வருவார்களா என்றும் கேட்டுக்கொண்டார்; ஒன்றாம் தேதி சாயங்காலம் பாப்பாவின் அப்பா வருவார் என்றேன்.

ஜூன் 30, திங்கள்

பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதினேன்.

ஆறு. குறைபாடு: மின்தடையில் சார்ஜ் ஏறாது. வண்டி வருவது யாருக்கும் தெரிவதில்லை. ரோந்து வந்திருக்கிறது என்ற தைரியம் மக்களுக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தெருவிலும் இறங்கி நடந்தால் இது தீரும்.

ஏழு. நன்மை: கண்ணாடியை இறக்கி வைத்தால் வீடுகளுக்குள் நடப்பது கேட்கிறது.

பிறகு வெள்ளைத்தாள் ஒன்றில் வேறொன்றும் எழுதினேன். இரண்டரைப் பக்கம் வந்தது. பெயர்: ம. சேர்மத்துரை, ஆயுதப்படைக் காவலர். உறவு: கணவர். தேதியை மட்டும் போடவில்லை. மடித்துப் பையில் வைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் டி.எஸ்.பி. வந்து படிவத்தைப் படித்தார்.

"குறையும் சத்தமில்ல, நன்மையும் சத்தமில்ல. ஒண்ண மாத்தி எழுதக் கூடாதாம்மா?"

"ரெண்டும் நெசந்தானுங்கய்யா."

சிரிக்கவில்லை. மறுபடி ஒரு தடவை படித்தார். "இன்னும் முப்பது நாள் ஓட்டு. கண்ணாடிய எறக்கியே ஓட்டு. அப்புறம் சொல்றேன்" என்றார். பையிலிருந்த தாளை அவரிடம் கொடுத்திருக்கலாம். கை போகவில்லை. நீட்டிப்பு வந்துவிட்டதே, இனி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாப்பாவின் அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன், நாங்கள் வரவில்லை என்று. பதில் இல்லை. எஸ்.ஐ. சாயங்காலம் எனக்கு லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

ஆறரை மணிக்கு வாசலில் பைக் சத்தம். மதிவதனி டி.வி.யை அணைத்துப் புத்தகத்தை எடுத்தாள். இந்தத் தடவை நான் அதை நல்ல பழக்கம் என்று நினைக்கவில்லை. அவளைப் பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்காவிடம் அனுப்பினேன். அனுப்பும்போது அக்காவிடம் சொன்னேன்: "எக்கா, உங்க டி.வி. சத்தத்தைக் கொறச்சு வையுங்க. எங்க வீட்டுல பேசுறது உங்களுக்குக் கேக்கணும்." அக்கா டி.வி.யையே அணைத்துவிட்டார். வாசல் கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்தேன்.

அவர் உள்ளே வந்து கட்டாத சாமான்களைப் பார்த்தார். "கெளம்பு, போலாம்" என்றார் அமைதியாக.

"வரல."

"என்னது?"

"வரலன்னு சொன்னேன். நானும் வரல, பாப்பாவும் வர மாட்டா." சத்தமாகத்தான் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் கதவைச் சாத்தப் போனார். சாத்த முடியவில்லை. படியில் ஏட்டு வைகுண்டம் ஐயா நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு, கண்ணாடி நான்கும் இறங்கி, வெள்ளை வண்டி. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஒரு சத்தம் கேட்கவில்லை எனக்கு. முப்பது நாள் ஓட்டியவளுக்கே அது எப்போது வந்தது என்று தெரியவில்லை.

"ரோந்து" என்றார் ஏட்டய்யா, என் வீட்டுக்காரரைப் பார்த்து. பிறகு என்னிடம் திரும்பினார். "எம்மா முப்பிடாதி, மனு ஏதும் இருக்கா?"

பையைத் திறந்து தாளை எடுத்தேன். ஏட்டய்யாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவை வாங்கித் தேதியைப் போட்டுக் கொடுத்தேன்.